ஸ்கூல் கேட்டுக்கும் முதல் சம்பளத்துக்கும் நடுவுல

மேசை மேல ஒரு துணிக்கடை பை. உள்ள நாப்பதுக்கு மேல கவர் இருக்கு, ஒண்ணுகூட பிரிக்கல. அதைக் கொண்டு வந்து வச்ச பையனுக்கு பத்தொன்பது வயசு, வச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டான். ஜெர்மனில அரசாங்கம் உங்ககிட்ட எதைச் சொல்லணும்னாலும் லெட்டர் போட்டுதான் சொல்லும், அதுலயும் மஞ்சள் கவர்ல வர்றது தனி ரகம், எந்தத் தேதில குடுத்தேன்னு போஸ்ட்மேன் கவர் மேலயே கையால எழுதிட்டுப் போயிருவார், நீங்க பிரிச்சீங்களா படிச்சீங்களாங்கறதெல்லாம் கணக்குலயே வராது, அந்தத் தேதிலேர்ந்து கெடு ஓட ஆரம்பிச்சிரும். அபராத நோட்டீஸா இருந்தா ஆட்சேபம் சொல்ல ரெண்டே வாரம்தான். அந்தப் பையில மஞ்சள் கவர் மட்டும் ஆறு இருந்துச்சு. பழைய ஸ்கூல்ல ஆப்சென்ட் ஆனதுக்கு ஒரு ஃபைன், டிக்கெட் இல்லாம டிரெயின்ல போன 60 யூரோ வசூல் கம்பெனி கைக்குப் போய் வட்டி, செலவுன்னு ஏறி கோர்ட் வரைக்கும் வந்தது ஒண்ணு, மத்ததும் அதே மாதிரிதான்.

எனக்கு வேலை வாங்கிக் குடுங்கன்னு அவன் வரல. இதையெல்லாம் பிரிக்கறப்போ பக்கத்துல யாராவது உக்காந்திருக்கணும், அதுக்குத்தான் வந்தான்.

நான் மதுரைல எம்.எஸ்.டபிள்யூ முடிச்சுட்டு இங்க வந்து மறுபடியும் சோஷியல் வொர்க் படிச்சு ஏழு வருஷமா இந்த வேலைல இருக்கேன். ஊருக்கு வர்றப்போ எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான், ஐரோப்பால எல்லாத்தையும் அரசாங்கமே பாத்துக்குமே, படிப்பு ஃப்ரீ, வேலை இல்லன்னா பணம், அப்புறம் அங்க உனக்கு என்ன வேலைன்னு. அதுக்கான பதில் கொஞ்சம் நீளம், அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல நீட்னா எல்லாருக்கும் அந்தப் பரீட்சைதான் ஞாபகம் வரும், ஐரோப்பால அதே எழுத்துகளுக்கு வேற அர்த்தம், படிப்புலயும் இல்லாம, வேலைலயும் இல்லாம, எந்த ட்ரெயினிங்லயும் இல்லாம இருக்கற இளைஞர்னு. இந்தச் சொல் பிரிட்டன்லேர்ந்து கிளம்பினது. 1999-ல டோனி பிளேர் அரசாங்கத்தோட சமூக விலக்கல் பிரிவு 16லேர்ந்து 18 வயசு வரைக்கும் இருக்கற பசங்களைப் பத்தி ஒரு அறிக்கை போட்டுச்சு, அதுல இந்தச் சொல் பிரபலமாகி பத்து வருஷத்துல ஐரோப்பா முழுக்க பரவிருச்சு. இப்ப 15லேர்ந்து 29 வயசு வரைக்கும் கணக்கு எடுக்கறாங்க. 2013-ல ஐரோப்பிய ஒன்றியத்துல இந்த வயசுக்காரங்கள்ல கிட்டத்தட்ட 16 சதவீதம் பேர் இந்த நிலைல இருந்தாங்க, 2024-ல அது 11 சதவீதம், 2030-க்குள்ள 9-க்குக் கொண்டு வரணும்னு இலக்கு வச்சிருக்காங்க. நாட்டுக்கு நாடு பாத்தா பெரிய வித்தியாசம், நெதர்லாந்துல 5 சதவீதம் சுமாருக்குத்தான் இருக்கு, இத்தாலில 15-ஐ ஒட்டி, ருமேனியால 19-க்கு மேல.

இந்தச் சொல் எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னு புரிஞ்சுக்கிட்டாதான் மீதி புரியும். 2013-ல ஸ்பெயின்ல இளைஞர் வேலையின்மை 55 சதவீதம், கிரீஸ்ல 58 சதவீதம்னு பேப்பர்ல வந்தப்போ ரெண்டு இளைஞர்ல ஒருத்தர் வேலை இல்லாம நிக்கறாங்கன்னு எல்லாரும் படிச்சாங்க. அது அப்படி இல்ல. அந்த சதவீதத்துக்கு மொத்தம்னு எடுத்துக்கறது வேலைல இருக்கறவங்களையும் வேலை தேடறவங்களையும் மட்டும்தான், காலேஜ்ல படிச்சுக்கிட்டு வேலை தேடாம இருக்கறவங்க அதுல வரவே மாட்டாங்க. ஸ்பெயின்ல மொத்த இளைஞர்களையும் வச்சுக் கணக்குப் போட்டா வேலை தேடிக் கிடைக்காதவங்க அஞ்சுல ஒருத்தர்னு வரும். அதுவும் கொடுமைதான், ஆனா வேற கொடுமை. இன்னொரு பக்கம், வேலை தேடறதையே விட்டுட்டு ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு இருக்கற பையன் வேலையின்மைக் கணக்குலயே வரமாட்டான், ஏன்னா அவன் தேடல. குழந்தையைப் பாத்துக்க ஆள் இல்லாம வீட்ல இருக்கற இருபது வயசுப் பொண்ணும் வரமாட்டா. இவங்களையும் சேத்துப் பாக்கத்தான் புது கணக்கு. 2023-ல பாத்தீங்கன்னா ஒன்றியத்துல ஆண்கள்ல 10 சதவீதம், பெண்கள்ல 12-க்கு மேல, அந்த இடைவெளிக்குப் பெரிய காரணம் வீட்டுப் பொறுப்பும் குழந்தை காப்பகம் கிடைக்காததும்தான். டப்ளின்ல இருக்கற யூரோஃபவுண்ட்ங்கற ஐரோப்பிய ஆய்வு அமைப்பு இவங்களையே ஏழு வகையாப் பிரிச்சு வச்சிருக்கு, உடம்பு முடியாதவங்க, நம்பிக்கை விட்டவங்க, ரொம்ப நாளா தேடறவங்க, அடுத்த மாசம் சேரப் போறவங்கன்னு. அடுத்த மாசம் வேலைல சேரப் போற பட்டதாரியையும் ரெண்டு வருஷமா வாசல்படி தாண்டாத பையனையும் ஒரே எண்ணுல போட்டு ஒரே திட்டம் போட்டா அந்தத் திட்டம் யாருக்குப் போய்ச் சேரும்னு யோசிச்சுப் பாருங்க.

அப்படித்தான் ஆச்சு. 2008 நிதி நெருக்கடில ஸ்பெயின்ல கட்டுமானத் தொழில் சரிஞ்சு விழுந்துச்சு. அதுக்கு முன்னாடி பதினாறு வயசுல ஸ்கூலை விட்டுட்டு சைட்டுக்கு வேலைக்குப் போனாலே கையில நல்ல காசு, கடற்கரை ஊர்கள்ல ஹோட்டல் வேலையும் அப்படித்தான், அதனால 2008-ல 18லேர்ந்து 24 வயசு வரைக்கும் இருக்கறவங்கள்ல 30 சதவீதத்துக்கு மேல அடிப்படைப் பள்ளிக் கல்வியோட நின்னவங்களா இருந்தாங்க. சைட் மூடின அன்னிக்கு அவங்க கையில சர்டிபிகேட்டும் இல்ல, வேலையும் இல்ல. இந்தத் தலைமுறை என்ன ஆகுமோன்னு பயந்துதான் 2013 ஏப்ரல்ல ஒன்றிய நாடுகள் எல்லாம் சேந்து இளைஞர் உத்தரவாதம்னு ஒண்ணை ஒத்துக்கிட்டாங்க. 25 வயசுக்குள்ள இருக்கற ஒருத்தர் படிப்பை விட்டாலோ வேலை போனாலோ நாலு மாசத்துக்குள்ள ஒரு நல்ல வேலை, இல்ல தொடர்ந்து படிப்பு, இல்ல தொழிற்பயிற்சி, இல்ல இன்டர்ன்ஷிப், இதுல ஏதாவது ஒண்ணை அரசாங்கம் குடுத்தாகணும். 2020-ல இந்த வயசு வரம்பை 30-க்கு ஏத்தினாங்க. இந்த யோசனை புதுசு ஒண்ணும் இல்ல, ஸ்வீடன் 1984-லயே ஆரம்பிச்சது, பின்லாந்து 1990-கள்ல.

பணம்? இளைஞர் வேலையின்மை 25 சதவீதத்தைத் தாண்டின பகுதிகளுக்குன்னு தனியா 640 கோடி யூரோ ஒதுக்கினாங்க, பின்னாடி கொஞ்சம் ஏத்தினாங்க. பல வருஷத்துக்கும் சேத்த தொகை அது. யூரோ நாடுகள்ல மட்டும் இதை ஒழுங்காச் செய்ய வருஷத்துக்கு 2,100 கோடி யூரோ ஆகும்னு உலகத் தொழிலாளர் அமைப்பு அப்பவே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்துச்சு. செலவு அதிகம்னு சொன்னவங்களுக்கு யூரோஃபவுண்ட் இன்னொரு கணக்கு வச்சிருந்துச்சு, 2011-ல மட்டும் இந்த இளைஞர்கள் வேலைக்கு வெளிய நின்னதால 26 நாடுகளுக்கு ஆன நஷ்டம் 15,300 கோடி யூரோன்னு.

நாலு வருஷம் கழிச்சு 2017-ல ஒன்றியத்தோட பணம் எப்படிச் செலவாகுதுன்னு சரிபாக்கற ஐரோப்பிய தணிக்கை மன்றம் ஸ்பெயின், இத்தாலி, பிரான்ஸ், போர்ச்சுகல், அயர்லாந்து, குரோஷியா, ஸ்லோவாக்கியான்னு ஏழு நாட்டுக்குப் போய்ப் பாத்துச்சு. நாலு மாசத்துல எல்லாருக்கும் வாய்ப்புங்கறதை ஏழுல ஒரு நாடுகூட செஞ்சு முடிக்கல. காரணம் ஒண்ணு பணம். இன்னொண்ணுதான் எனக்கு முக்கியமாப் படுது, தானா வந்து பதிவு பண்ணினவங்களுக்குத்தான் எதையாவது குடுக்க முடிஞ்சுது, பதிவே பண்ணாதவங்க யாருன்னு பல நாடுகளுக்குத் தெரியவே இல்ல. வெப்சைட் திறந்து ஃபார்ம் நிரப்பற பையனுக்கு அந்த வெப்சைட் இல்லன்னாலும் ஒரு வழி கிடைச்சிருக்கும். மஞ்சள் கவரையே பிரிக்காத பையன் அந்தப் பக்கமே வரமாட்டான்.

இங்கதான் பின்லாந்து என்ன பண்ணுச்சுன்னு பாக்கணும். அங்க எட்சிவா நுவோரிசோடியோன்னு ஒரு வேலை இருக்கு, தேடிப் போற இளைஞர் பணின்னு அர்த்தம், 2011-ல அதைச் சட்டத்துலயே எழுதினாங்க. ஒரு பையன் தொழிற்கல்வியை நடுவுல விட்டா அந்தக் கல்வி நிறுவனம் அவன் பேரையும் விலாசத்தையும் ஊராட்சியோட தேடிப் போற பணியாளர்கிட்ட குடுக்கணும். பின்லாந்துல ஆம்பளைங்களுக்குக் கட்டாய ராணுவ சேவை இருக்கே, அதுலேர்ந்து தகுதி இல்லன்னு 25 வயசுக்குள்ள திருப்பி அனுப்பப்பட்ட பையன் பேரை ராணுவமும் குடுக்கணும். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமாத் தெரியுது. பதினெட்டு வயசுல உன்னால முடியாதுன்னு சொல்லி திருப்பி அனுப்பற அன்னிக்கு அந்தப் பையன் மனசு எப்படி இருக்கும், அந்த நாளைக்கு அடுத்த வாரம் ஒருத்தர் போன் பண்ணி எப்படிப்பா இருக்க, ஒரு காபி சாப்பிடலாமான்னு கேக்கணும்னு சட்டம் எழுதினவங்க யோசிச்சிருக்காங்க. வரமாட்டேன்னு அவன் சொன்னா கட்டாயம் கிடையாது, எல்லாமே அவன் சம்மதத்தோடதான்.

2014-லேர்ந்து அங்க ஓஹ்யாமோன்னு மையங்கள் வந்துச்சு, பின்னிஷ்ல அந்த வார்த்தைக்கு டிரைவர் கேபின், விமானி அறைன்னு அர்த்தம். 30 வயசுக்குள்ள யாரு வேணா அப்பாயின்ட்மென்ட் இல்லாம உள்ள போகலாம், ஒரே இடத்துல வேலைவாய்ப்பு ஆபீஸ் ஆள், சமூகப் பணியாளர், படிப்பு ஆலோசகர், சில ஊர்ல நர்ஸ்கூட இருப்பாங்க. எந்த டிபார்ட்மென்ட் பிரச்சனைன்னு பையன் கண்டுபிடிக்க வேண்டியதில்ல. வாடகை பாக்கியோட வந்தாலும் சரி, பரீட்சை பயத்தோட வந்தாலும் சரி.

நான் இருக்கற ஜெர்மனில இதை ஹாம்பர்க்தான் முதல்ல பெருசாப் பண்ணுச்சு, 2012-ல. யுகென்ட்பெரூஃப்ஸ்அகென்டூர்னு பேரு, இளைஞர் தொழில் ஏஜென்சின்னு வச்சுக்கோங்க. வேலைவாய்ப்பு ஆபீஸ், உதவித்தொகை குடுக்கற ஜாப்சென்டர், கல்வித்துறை, இளைஞர் நலத்துறை, நாலும் ஒரே கூரைக்குக் கீழ, நகரத்தோட ஏழு மாவட்டத்துலயும். ஆனா கூரை முக்கியம் இல்ல, லிஸ்ட்தான் முக்கியம். பத்தாவது முடிச்சு வெளிய போற ஒவ்வொரு பையனும் பொண்ணும் அடுத்து எங்க போனாங்கன்னு அவங்க பேர் பேரா விசாரிக்கறாங்க, பதில் வரலன்னா போன், லெட்டர், கடைசில வீட்டுக்கே ஆள் போவாங்க. ஜெர்மனில தனிநபர் தகவல் பாதுகாப்பு ரொம்பக் கறார், ஸ்கூல் தன்கிட்ட இருக்கற விலாசத்தை இன்னொரு ஆபீசுக்குக் குடுக்க முடியாம பல வருஷம் இழுபறி, அதுக்குன்னு தேசிய அளவுல சட்டத்துல வழி பண்ணதே 2020-லதான். பல மாநிலத்துல இன்னிக்கும் பதினாறு வயசுல ஸ்கூல் கேட்டைத் தாண்டின பையன் எந்த லிஸ்ட்லயும் இல்ல.

ஜெர்மனின்னாலே எல்லாரும் அதோட இரட்டைப் பயிற்சி முறையைத்தான் புகழ்வாங்க, அதுல நியாயமும் இருக்கு. 1969-ல வந்த சட்டம், முன்னூறுக்கு மேல அங்கீகரிச்ச தொழில்கள், வாரத்துல மூணு நாலு நாள் கம்பெனில வேலை, ஒண்ணு ரெண்டு நாள் தொழிற்பள்ளில பாடம், மூணு வருஷம் சுமாருக்கு. முதல் மாசத்துலேர்ந்தே சம்பளம், அதுக்குக் குறைஞ்சபட்சம் இவ்வளவுன்னு 2020-லேர்ந்து சட்டமும் இருக்கு. ஒவ்வொரு ட்ரெய்னியும் அன்னன்னிக்கு என்ன கத்துக்கிட்டேன்னு ஒரு நோட்டு எழுதணும், மாஸ்டர் அதுல கையெழுத்துப் போடணும், அந்த நோட்டு முழுசா இல்லன்னா கடைசிப் பரீட்சைக்கே உக்கார முடியாது. தச்சு வேலை பழகறவன் கடைசில தானே வரைஞ்சு தானே செஞ்ச ஒரு மேசையையோ அலமாரியையோ பரீட்சைக்குக் கொண்டு போய் வைப்பான். ஒரு பையன் அந்த மேசையோட இழுப்பறையை எனக்குத் திறந்து மூடிக் காட்டினான், சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டுப் போச்சு, மூணு வருஷத்துக்கு முன்னாடி என் முகத்தையே நிமிர்ந்து பாக்காதவன் அவன்.

ஆனா அந்த முறைக்குள்ள நுழையணும்னா ஒரு கம்பெனி உங்களை எடுக்கணும். இது அரசாங்கக் காலேஜ் சீட் மாதிரி இல்ல, வேலைக்கு விண்ணப்பம் போடற மாதிரி. மார்க் கம்மி, ஸ்கூல்ல ஆப்சென்ட் அதிகம், பேரு வெளிநாட்டுப் பேரு, இப்படி இருந்தா அறுபது எழுபது விண்ணப்பம் போட்டும் பதில் வராது. அப்ப அவங்களை ஒரு வருஷ ஆயத்த வகுப்பு, அது முடிஞ்சா இன்னொரு ஆயத்த வகுப்புன்னு அனுப்பறாங்க, வருஷத்துக்குக் கிட்டத்தட்ட ரெண்டரை லட்சம் பேர் இதுல சேர்றாங்க. ஜெர்மன்காரங்களே இதுக்கு வார்டெஷ்லைஃபன்னு பேரு வச்சிருக்காங்க, விமானம் இறங்க இடம் கிடைக்காம வானத்துலயே சுத்திக்கிட்டு இருக்குமே, அதுக்கு உள்ள சொல் அது. சிலருக்கு அந்த ஒரு வருஷம் உண்மையிலேயே உதவுது, பரீட்சையை மறுபடி எழுதி பாஸ் பண்றாங்க. மூணாவது சுத்துல இருக்கற பையனுக்கு அது எரிபொருள் தீர்ற நேரம். 2023-ல 70 ஆயிரத்துக்கு மேல பயிற்சி இடங்கள் ஆள் இல்லாம காலியாக் கிடந்துச்சு, அதே நாட்டுல 20லேர்ந்து 34 வயசு வரைக்கும் எந்தத் தொழில் சான்றிதழும் இல்லாதவங்க 28 லட்சத்துக்கு மேல. இந்த ரெண்டையும் கோர்த்து விடற வேலையைத்தான் என் மாதிரி ஆளுங்க பண்றோம், கம்பெனிக்குப் போய் இந்தப் பையனை ரெண்டு வாரம் வச்சுப் பாருங்க, காலைல வரலன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க, உடனே வேலையை விட்டு அனுப்பிடாதீங்கன்னு கேக்கறது.

தண்டனை குடுத்து வழிக்குக் கொண்டு வரலாம்னு இங்க ரொம்ப நாள் முயற்சி பண்ணிப் பாத்தாங்க. அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரலன்னா உதவித்தொகைல பிடித்தம், 25 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்குப் பெரியவங்களைவிடக் கடுமையான விதி, திரும்பத் திரும்ப மீறினா வாடகைக்கான பணம் வரைக்கும் நிறுத்தலாம்னு இருந்துச்சு. 2019 நவம்பர்ல அரசியல் சட்ட நீதிமன்றம் 30 சதவீதத்துக்கு மேல பிடித்தம் பண்றது செல்லாதுன்னு தீர்ப்பு குடுத்துச்சு, இளையவங்களுக்கான தனி விதியும் 2023-ல எடுத்தாச்சு. நான் பாத்த வரைக்கும் பணம் வெட்டுப்பட்ட பையன் அடுத்த நாள் ஆபீசுக்கு வரல, ஊரை விட்டே போயிட்டான், நண்பன் வீட்டு சோபால படுத்தான், அப்புறம் அவன் பேரு எங்க லிஸ்ட்லயும் இல்லாமப் போச்சு.

பிரான்ஸ்ல கதை வேற பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்குது. 1981-ல பெர்த்ரான் ஷ்வார்ட்ஸ்ங்கற கல்வியாளர் பிரதமருக்கு ஒரு அறிக்கை குடுத்தார், இளைஞரோட வேலை, வீடு, உடம்பு, படிப்பு எல்லாத்தையும் தனித்தனி ஜன்னல்ல பாக்காதீங்கன்னு, அதுலேர்ந்து 1982-ல மிசியோன் லொகால்னு ஊருக்கு ஊர் மையங்கள் வந்துச்சு, இப்ப நானூறுக்கு மேல இருக்கு. நாப்பது வருஷமா நிக்கற ஏற்பாடு, பின்லாந்துக்கு எல்லாம் முன்னாடி. ஆனா பிரான்ஸ்ல குறைஞ்சபட்ச வருமான உதவி பொதுவா 25 வயசுக்கு மேலதான். பதினெட்டுல வீட்டை விட்டு வெளிய வந்த பையனுக்கு ஏழு வருஷம் எதுவும் இல்ல, குழந்தை இருந்தா மாதிரி சில விதிவிலக்கு தவிர. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2013-ல கரான்ட்டி ஜென்னு ஒரு திட்டம் வந்துச்சு, கூட்டமா சில வாரம் பயிற்சி, மாசம் ஐநூறு யூரோவை ஒட்டி உதவித்தொகை. 2022 மார்ச்லேர்ந்து அது இளைஞரோட ஒரு ஒப்பந்தம் போட்டுக்கற புது வடிவத்துக்கு மாறிருச்சு, வாரத்துக்கு 15லேர்ந்து 20 மணி நேரம் ஏதாவது செயல்ல இருக்கணும். அந்த மணி நேரத்தை கம்ப்யூட்டர்ல ஏத்தறதே ஆலோசகருக்கு ஒரு வேலையாப் போனா பையனோட உக்கார நேரம் எங்கேர்ந்து வரும்?

பிரான்ஸ்லேர்ந்து எடுத்துக்கணும்னா நான் மார்செய் நகரத்தைச் சொல்லுவேன். 1995-ல ஐரோப்பிய ஆணையத்துல எடித் கிரெசோன் பொறுப்புல ஒரு வெள்ளை அறிக்கை வந்துச்சு, ஸ்கூல் கைவிட்டவங்களுக்கு ரெண்டாவது வாய்ப்புப் பள்ளி வேணும்னு. 1997-ல முதல் பள்ளி மார்செயோட வடக்குப் பகுதில, பழைய இறைச்சிக்கூடக் கட்டடத்துல ஆரம்பமாச்சு. அந்த வடக்குப் பகுதி ஏழைக் குடியிருப்புகள் நிறைஞ்ச இடம், ஸ்கூலை அங்கயே கொண்டு போய் வச்சதுதான் விஷயம். மார்க் கிடையாது, வகுப்புன்னு கிடையாது, ஆளுக்கு ஏத்த பாடம், கொஞ்ச நாள் பள்ளில, கொஞ்ச நாள் ஒரு கம்பெனில, மறுபடி பள்ளில. இன்னிக்கு பிரான்ஸ் முழுக்க நூத்துக்கு மேல இடத்துல இந்தப் பள்ளி இருக்கு, ஸ்பெயினும் இதைத் தன் பாணில எடுத்துக்கிச்சு. டென்மார்க்ல 1978லேர்ந்தே செஞ்சு கத்துக்கற தயாரிப்புப் பள்ளிகள் இருந்துச்சு, சமையல்கூடத்துல சமைச்சா நிஜமா யாரோ வந்து சாப்பிடுவாங்க, பட்டறைல செஞ்ச நாற்காலி நிஜமா விக்கும். 2019-ல அதையெல்லாம் ஒரே பள்ளி முறையா இணைச்சுட்டாங்க.

நெதர்லாந்துல அந்த சதவீதம் ஏன் அவ்வளவு கம்மின்னு கேட்டா, அவங்க பையன் தொலையறதுக்கு முன்னாடியே பிடிக்கறாங்க. ஒரு மாணவர் நாலு வாரத்துல 16 மணி நேரம் காரணம் இல்லாம வரலன்னா ஸ்கூல் அதை ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், ஊராட்சில அதுக்குன்னு வருகை அதிகாரி இருக்கார், அவர் வீட்டுக்கு வருவார். 2007-லேர்ந்து அடிப்படைத் தகுதிச் சான்றிதழ் கையில இல்லாதவங்க 18 வயசு வரைக்கும் படிச்சே ஆகணும். போர்ச்சுகல்ல 2002 வாக்குல 45 சதவீதம் பேர் ஸ்கூலைப் பாதில விட்டாங்க, கட்டாயக் கல்வியை 18 வயசுக்கு ஏத்தி, தொழில் பாடங்களைச் சாதாரண பள்ளிக்குள்ளயே கொண்டு வந்து, 2020-ல 10 சதவீதத்துக்குக் கீழ இறக்கினாங்க. ஸ்பெயினும் 2024-ல 13-க்கு வந்தாச்சு. இந்த ரெண்டு நாட்டைப் பாத்து நிஜமாவே சந்தோஷப்படறேன், ஏன்னா ஒரு தலைமுறைக்குள்ள நடந்த மாற்றம் இது.

தலைகீழாப் போன உதாரணமும் இருக்கு. இங்கிலாந்துல 2001-ல கனெக்ஷன்ஸ்னு ஒரு சேவை ஆரம்பிச்சாங்க, பதின்பருவத்துப் பிள்ளைகள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தனி ஆலோசகர் கிடைக்கணும்னு. 2010-க்கு அப்புறம் சிக்கன நடவடிக்கைல அது கலைஞ்சு போச்சு, கவுன்சில்கள் யூத் சர்வீஸ் செலவைப் பாதிக்கு மேல வெட்டினாங்க, யூத் கிளப் கட்டடங்களை வித்தாங்க. 2024 கடைசில பிரிட்டன்ல 16லேர்ந்து 24 வயசு வரைக்கும் படிப்புலயும் வேலைலயும் இல்லாதவங்க 10 லட்சத்தை நெருங்கிட்டாங்க, அதுல மனநலம் காரணமா முடியலன்னு சொல்றவங்க பங்கு ஏறிக்கிட்டே போகுது. எல்லாத்துக்கும் அந்த வெட்டுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், கொரோனா இருக்கு, வீட்டு வாடகை இருக்கு. ஆனா அந்த வெட்டுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைகளைப் பேர் சொல்லித் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார், இப்ப இல்ல.

நம்மவங்களைப் பத்தி ஒண்ணு. சுவிஸ்ல ஸ்கூல் முடிக்கற பிள்ளைகள்ல மூணுல ரெண்டு பங்கு லேரன்னு சொல்ற தொழிற்பயிற்சிக்குத்தான் போறாங்க, அது அங்க கௌரவமான பாதை. பாசல், சூரிச், பெர்ன்னு ஈழத்துலேர்ந்து வந்து குடியேறின தமிழ்க் குடும்பங்கள்ல பல அப்பா அம்மாவுக்கு இது மனசுக்கு ஒப்பல, பிள்ளை ஜிம்னாசியம்ங்கற, யூனிவர்சிட்டிக்குத் தயார் பண்ற ஸ்கூலுக்குப் போய் யூனிவர்சிட்டி போகணும், லேரன்னா தோத்த மாதிரின்னு நினைச்சாங்க, ரெஸ்டாரன்ட் கிச்சன்லயும் ஆஸ்பத்திரி கிளீனிங்லயும் ராத்திரி பகலா உழைச்சவங்க அப்படி ஆசைப்படறதுல தப்பே இல்ல. அங்க லேர பண்ணிக்கிட்டே தொழில்சார் மெட்ரிகுலேஷன் எழுதி பயன்பாட்டு அறிவியல் காலேஜுக்குப் போற வழி 1990-கள்லேர்ந்து இருக்கு, கதவு மூடல. அதை அப்பா அம்மாவோட பாஷைல, அவங்க வீட்டு ஹால்ல உக்காந்து சொல்ல ஒரு ஆள் வேணும். அப்படிச் சொன்ன வீட்ல பிள்ளை நிம்மதியா மூச்சு விட்டதை நான் பாத்திருக்கேன்.

இப்ப திரும்ப அந்த ஆள் யாருங்கறதுக்கு வரேன். தேடிப் போறவர், கவர் பிரிக்கறப்போ பக்கத்துல உக்கார்றவர், கம்பெனிக்குப் போன் பண்றவர். ஐரோப்பால இந்த வேலைல பெரும்பங்கு ப்ராஜெக்ட் பணத்துல ஓடுது. ஐரோப்பிய சமூக நிதிலேர்ந்து வரும், இல்லன்னா ஜாப்சென்டர் டெண்டர் விட்டு வரும், ஒரு வருஷம், ரெண்டு வருஷம், அதிகபட்சம் மூணு. 2016-லேர்ந்து ஜெர்மன் சட்டத்துல கைக்கு எட்டாத இளைஞர்களுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, அதுலயும் நிதி ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட்டாத்தான். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல செப்டம்பர்ல எங்க கான்ட்ராக்ட் முடியுதுன்னு ஜூலைல சொன்னாங்க. என்கிட்ட அப்ப பத்தொன்பது பேர் இருந்தாங்க. அதுல ஒரு பொண்ணு, அவ கதவைத் திறக்கறதுக்கே எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு, முதல் மூணு மாசம் லெட்டர் பாக்ஸ்ல சீட்டு எழுதிப் போட்டுட்டு வந்தேன், நாலாவது மாசம் கதவுக்குப் பின்னாடி நின்னு பேசினா, அஞ்சாவது மாசம் வெளிய வந்தா. நான் போறேன்னு சொன்னப்போ அவ கோபப்படல. சரின்னு மட்டும் சொன்னா. அடுத்து எடுத்த அமைப்புலேர்ந்து ரெண்டு தடவை போனாங்களாம், கதவு திறக்கலயாம்.

இப்ப ஓடிக்கிட்டு இருக்கற ஐரோப்பிய சமூக நிதி 2021லேர்ந்து 2027 வரைக்கும். ஒன்றிய சராசரியைவிட அதிகமா இந்த நிலைல இளைஞர்கள் இருக்கற நாடுகள் தங்களுக்கு வர்ற பங்குல குறைஞ்சது 12.5 சதவீதத்தை இவங்களுக்காகச் செலவு பண்ணணும்னு அதுல விதி இருக்கு, நல்ல விதி. 2028லேர்ந்து என்னன்னு பேச்சு நடக்குது. பின்லாந்துல ஓஹ்யாமோவும் ஐரோப்பிய நிதி ப்ராஜெக்ட்டாத்தான் ஆரம்பிச்சது, அப்புறம் அரசாங்கமும் ஊராட்சிகளும் சேந்து நடத்தற சேவையா மாறுச்சு, அந்த ஒரு அடி எடுத்து வச்ச நாடுகள் ரொம்பக் கம்மி. எங்களுக்கு வர்ற டெண்டர் ஃபார்ம்ல எத்தனை பேரைச் சந்திப்பீங்க, ஒருத்தருக்கு எவ்வளவு செலவு, ஆறு மாசத்துல எத்தனை பேர் பயிற்சில சேருவாங்கன்னு மூணு கட்டம் இருக்கு. ஒரே பணியாளர் எத்தனை வருஷம் இருப்பார்னு கேக்கற கட்டம் இல்ல. போன தடவை நிரப்பறப்போ கடைசி பக்கத்துல மத்த விவரங்கள்ங்கற இடத்துல அதை நானே எழுதி, குறைஞ்சது நாலு வருஷம்னு போட்டு அனுப்பியிருக்கேன், பதில் மார்ச்ல வரும்னு சொல்லியிருக்காங்க.